விரல் மறுக்கும்போது: களிமண் தட்டு சுடும் தோழர்களுக்கு ஒரு திறந்த மடல்



அமெரிக்காவின் டிராப் திடல்களில் சனி ஞாயிறுகளில் துப்பாக்கியோடு நிற்கும் தமிழர்களுக்கும், பள்ளி அணியில் சேர்ந்த பிள்ளையைக் காரில் ஏற்றிக்கொண்டு அந்தத் திடலுக்கு வரும் அப்பா அம்மாக்களுக்கும், ஊரில் ஒலிம்பிக் டிராப் பழகும் இளையவர்களுக்கும் இதை எழுதுகிறேன். ஒஹாயோவில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இந்த விளையாட்டோடு வாழ்ந்து வருகிறேன். நாம் கூடினால் எவ்வளவோ பேசுகிறோம். எந்தத் தோட்டா நல்லது, எந்தச் சோக் போடலாம், மேகமூட்டத்துக்கு எந்த நிறக் கண்ணாடி, காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறது, எல்லாம் பேசுகிறோம். ஒன்றை மட்டும் பேசுவதில்லை. பேசாமல் விட்டதால் ஒரு நல்ல தோழரை இந்த விளையாட்டு இழந்தது. அதில் என் பங்கும் உண்டு.

பத்து ஆண்டுகள் என்னோடு ஒரே ஸ்குவாடில் நின்றவர் அவர். மதுரைப் பக்கத்துக்காரர். என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவார். ஒரு இலையுதிர்காலக் காலையில் அவர் மூன்றாம் நிலையில் நின்றார், நான் நான்காவதில். தட்டை விடச் சொல்லி “புல்” என்று குரல் கொடுத்தார். தட்டு கிளம்பியது. அவருடைய குழல் அதை அழகாகத் தொடர்ந்து போனது. வெடிக்க வேண்டிய இடத்தில் குழல்முனை வெடுக்கென்று கீழே குனிந்தது, முன்கால் தடுமாறியது, சத்தமே வரவில்லை. தட்டு உடையாமல் போய்த் தூரத்துப் புல்லில் விழுந்தது. நாங்கள் நான்கு பேரும் தரையைப் பார்த்தோம். அடுத்த முறை என்னுடையது. நான் துப்பாக்கியைத் தூக்கி என் தட்டைக் கேட்டேன்.

அன்று மதியம் காபி குடிக்கும்போதும் யாரும் அதைத் தொடவில்லை. நாகரிகம் என்று நினைத்தோம். அடுத்த வசந்தத்தில் அவர் உதையைக் குறைக்கக் குழலில் துளைகள் போட்டுக்கொண்டு வந்தார். அதற்கடுத்து குழலின் உள்வாயைச் சீவி நீட்டிக்கொண்டார். பிறகு கட்டைக்குள் பாதரசக் குழாய் வந்தது. அதற்கும் அடுத்த ஆண்டு பழைய துப்பாக்கியையே விற்றுவிட்டு, ஒரு நடுத்தரக் காரின் விலையில் இத்தாலியத் துப்பாக்கி ஒன்று வாங்கினார். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் இரண்டு மூன்று வாரம் முகம் தெளிந்திருக்கும். பிறகு மறுபடியும் குழல்முனை குனியும். ஒருநாள் எல்லாவற்றையும் விற்றுவிட்டு விளையாட்டை நிறுத்திவிட்டார்.

விற்ற பிறகுதான் அவர் வீட்டுக்குப் போனேன். பேச்சுவாக்கில், பல ஆண்டுகளுக்கு முன் ஒரு குளிர்காலம் முழுக்க எனக்கும் இதே தொல்லை இருந்ததைச் சொன்னேன். அப்போது கிளப்பில் ‘அலுவலகத்தில் வேலை அதிகம்’ என்று சொல்லிவிட்டு மூன்று மாதம் ஒளிந்திருந்தேன். அவர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கேட்டார்: “அண்ணே, உங்களுக்கும் இருந்துச்சா? அப்பவே சொல்லியிருக்கலாமே.”

அன்று சொல்லாததை இன்று எல்லோருக்கும் சொல்கிறேன்.

இதை ஆங்கிலத்தில் சொல்கிறபடியே ‘ஃபிளிஞ்ச்’ என்கிறோம். எனக்கு நம் ஊர்ச் சொல்தான் பொருத்தமாகப் படுகிறது: மிரட்சி. வண்டி மாடு ஒரு பாலத்தில் ஒருமுறை மிரண்டுவிட்டால், அடுத்த தடவை பாலம் வருவதற்கு முன்பே அதன் கால் பின்வாங்கும். அடித்தால் மிரட்சி கூடும். வண்டிக்குப் புதுச் சக்கரம் போட்டாலும் மாட்டுக்கு அந்தப் பாலம் மறக்காது. நம் உடலும் அப்படித்தான். ஒரு நாளில் நூறு முறை, இருநூறு முறை, கன்னத்துக்கு அருகில் ஒரு வெடியையும் தோளில் ஓர் உதையையும் வாங்கிக்கொள்ளச் சொல்கிறோம். உடல் நெடுநாள் பொறுக்கிறது. ஒருநாள் நம்மைக் கேட்காமலே மறுக்கிறது. இதில் கோழைத்தனம் எதுவும் இல்லை. ஒரு லட்சம் தட்டைத் தாண்டியவர்களுக்கும் இது வருகிறது. அதிகம் சுட்டவர்களைத்தான் அதிகம் தேடி வருகிறது.

மிரட்சி எல்லோருக்கும் ஒரே மாதிரி வருவதில்லை. சிலருக்கு உதை வருவதற்கு முன்பே தோள் முன்னால் தள்ளும், கண் மூடும், குழல்முனை தாழும். துப்பாக்கி வெடிக்கும், ஆனால் தட்டுக்குக் கீழே வெடிக்கும். வேறு சிலருக்கு விரலே பூட்டிக்கொள்ளும். கண் தட்டைப் பார்க்கிறது, குழல் சரியான இடத்தில் இருக்கிறது, ‘இப்போது’ என்று மனம் சொல்கிறது, விரல் அசையாது. விரல் செய்யாததை உடல் முழுதும் சேர்ந்து செய்யப் பார்க்கும். அந்தத் தள்ளாட்டம்தான் என் நண்பருடையது. கோல்ஃப் ஆடுகிறவர்களுக்குக் குழிக்கு அருகில் பந்தைத் தட்டும்போது கை இழுத்துக்கொள்ளும் ஒரு தொல்லை உண்டு. அதை ஆராய்ந்த மேயோ கிளினிக் மருத்துவக் குழு, ஒருபுறம் தசைகளை ஆளும் நரம்புக் கோளாறும் மறுபுறம் நெருக்கடியில் வரும் பதற்றமும் இருக்க, இடையில் பல படிகளாகப் பரந்து கிடக்கும் ஒன்று என்று அதை விளக்கியது. வில்லாளர்களுக்கும் இதன் உறவுக்காரத் தொல்லை ஒன்று உண்டு. ஆகவே ‘மனசைத் திடமா வெச்சுக்கோ’ என்று சொல்லித் தட்டிக்கொடுப்பது மட்டும் மருந்தாகாது.

சரி, உதை எங்கிருந்து வருகிறது? இந்தக் கணக்கை ஒவ்வொருவரும் ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. முன்னே பாய்கிற ஈயக் குண்டுகள், அவற்றைத் தாங்கும் வாட், வெடிமருந்தின் வாயு ஆகியவற்றின் எடையும் வேகமும்தான் பின்னே வரும் உதையை முடிவு செய்கின்றன. துப்பாக்கியின் எடை, அந்த உதை எவ்வளவு விசையாகத் தோளில் இறங்குகிறது என்பதை முடிவு செய்கிறது. இதற்கு மேல் மந்திரம் ஏதும் இல்லை. அமெச்சூர் டிராப்ஷூட்டிங் அசோசியேஷனின் போட்டிகளில் அனுமதிக்கப்படும் அதிகபட்சக் குண்டு எடை 1 1/8 அவுன்ஸ், ஏறக்குறைய 32 கிராம். அதை நொடிக்கு 366 மீட்டர் வேகத்தில் 3.9 கிலோ துப்பாக்கியில் சுட்டால் உதையின் ஆற்றல் சுமார் 22 ஜூல் வருகிறது. ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலத்தை இரண்டேகால் மீட்டர் உயரத்திலிருந்து போட்டால் கிடைக்கும் ஆற்றல் அது. காலையில் நூறு தட்டு, மதியம் நூறு தட்டு என்றால் இருநூறு பொட்டலம் தோளில் விழுகிறது.

இப்போது அதே துப்பாக்கியில், அதே வேகத்தில், 28 கிராம் தோட்டாவைப் போடுங்கள். ஆற்றல் 17, 18 ஜூலுக்கு இறங்குகிறது. ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் கூடுதலான குறைவு. இதையே துப்பாக்கிக்கு எடை ஏற்றிச் சாதிக்கப் பார்த்தால், முழுசாக அரை கிலோவைக் கூட்டினாலும் பத்தில் ஒரு பங்குதான் குறையும், தூக்கி நிற்கும் கைக்கும் முதுகுக்கும் களைப்பு கூடும். கடையில் வேறொரு பெட்டித் தோட்டாவைக் கேட்டு வாங்குவது, பட்டறையில் நூற்றுக்கணக்கான டாலர் கொடுத்துச் செய்யும் வேலையை மிஞ்சுகிறது. 16 கெஜக் கோட்டில் நின்று சுடும் தட்டை உடைக்க 28 கிராம் தாராளமாகப் போதும். ஒலிம்பிக் டிராப்பில் மணிக்கு 100 கிலோமீட்டரையும் தாண்டும் வேகத்தில் பறக்கும் தட்டை உலகின் தலைசிறந்தவர்கள் 24 கிராமில் உடைக்கிறார்கள். விதியே அவ்வளவுதான் அனுமதிக்கிறது. நாம் மட்டும் 32 கிராமை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்குப் பழக்கத்தைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

பட்டறை மாற்றங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவற்றை நான் எதிர்க்கவில்லை. என் துப்பாக்கியிலும் மாற்றங்கள் உண்டு. ஆனால் எது எதைச் செய்யும் என்பது தெரிந்து செய்ய வேண்டும். போர்ட்டிங் என்பது குழல்முனைக்கருகில் துளை போடுவது. நம் டிராப் தோட்டாவில் வாயு முனைக்கு வந்து சேர்வதற்குள் அழுத்தம் வெகுவாக இறங்கிவிடுகிறது. துளை வழியே தப்புவதால் உதையில் வரும் குறைவு மிகச் சொற்பம். ஆனால் சத்தம் பக்கவாட்டில் தெறிக்கிறது. ஸ்குவாடில் நமக்கு அடுத்தவர் மூன்று கெஜ தூரத்தில்தான் நிற்கிறார். நம் மிரட்சிக்கு நாம் தேடும் மருந்து அவருடைய காதுக்கு நோயாகக் கூடாது. குழலின் உள்வாயான ஃபோர்சிங் கோனை நீட்டுவதும், பேக்போரிங் என்று குழலின் உள்விட்டத்தைப் பெரிதாக்குவதும் உதையின் ‘குணத்தை’ மென்மையாக்கியதாகச் சிலர் உணர்கிறார்கள். அந்த உணர்வை நான் மறுக்கவில்லை. ஆனால் முன்னே போகும் எடையும் வேகமும் மாறாதபோது பின்னே வருவதும் பெரிதாக மாறாது. சீவி எடுத்த எஃகு திரும்பி வராது. போட்ட துளையை அடைக்க முடியாது.

இதிலிருந்து ஒரு வழக்கத்தை நான் பிடித்துக்கொண்டேன், உங்களுக்கும் அதையே சொல்வேன். திருப்பிப் போட முடிகிற மாற்றங்களை முதலில் செய்யுங்கள். திருப்ப முடியாததைக் கடைசிக்கு வையுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றுதான். மாற்றிய தேதியையும், அதன் பிறகு எத்தனை முறை விரல் நின்றது என்பதையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். மூன்று மாற்றங்களை ஒரே மாதத்தில் செய்தால் எது உதவியது, எது கெடுத்தது என்று ஆண்டவனுக்கும் தெரியாது.

எந்த வரிசையில் போவது? எனக்கு உதவிய வரிசையைச் சொல்கிறேன்.

முதலில் காது. ஷாட்கன் வெடிக்கும்போது சத்தத்தின் உச்சம் 150 டெசிபெலைத் தாண்டும். 140-ஐத் தாண்டினால் ஒற்றை வெடியே செவியைக் கெடுக்கலாம். செவிக்குக் கேடு ஒரு பக்கம் இருக்கட்டும், திடீர்ச் சத்தத்துக்குக் கண் மூடுவது பிறவியிலேயே வந்த அனிச்சை. நம் மிரட்சியில் ஒரு பாதி தோளிலிருந்து வருவதாக நினைப்போம், உண்மையில் அது காதிலிருந்து வந்திருக்கும். காதுக்குள் அடைப்பான், அதன் மேல் காதுமூடி, இரண்டையும் சேர்த்துப் போட்டுக்கொண்டு ஒரு மாதம் சுட்டுப் பாருங்கள். என் குளிர்காலத் தொல்லையில் முதல் நிம்மதி இதில்தான் கிடைத்தது.

அடுத்தது தோட்டா. மேலே சொன்னேன்.

மூன்றாவது பொருத்தம். கடையில் வாங்கிய துப்பாக்கி சராசரி மனிதனுக்குச் செய்தது. கட்டை நீளம் குறைந்தால் கட்டைவிரல் மூக்கில் இடிக்கும். நீளம் கூடினால் தோளின் ஓரத்தில் தங்கி, கைச்சதையில் குத்தும். கன்னம் படியும் மேடான கோம்ப் தாழ்ந்திருந்தால் கண்ணைச் சரிப்படுத்தத் தலையைத் தூக்குவோம், துப்பாக்கி எழும்பி வந்து தாடையில் அறையும். அடித்தட்டின் சாய்வு தவறானால் அதன் கீழ்முனை மட்டும் மார்பில் குத்தும். ஆற்றல் அதேதான், ஆனால் உள்ளங்கை அளவுக்குப் பரவ வேண்டியது ஒரு விரல்நுனியில் இறங்குகிறது. ஏற்றி இறக்கும் கோம்ப், நகரும் அடித்தட்டு, நல்ல ரப்பர் மெத்தை ஆகியவைதான் பட்டறைக்குச் செலவிடும் காசில் உருப்படியான பலன் தருபவை. பெரும்பாலும் திருகைச் சுழற்றித் திருப்பிக்கொள்ள முடிகிறவை. அரைத் தானியங்கி வகைத் துப்பாக்கி பழகியவர்களுக்கு வாயுவால் இயங்கும் வகை இன்னொரு வழி. 1963-இல் வந்த ரெமிங்டன் 1100 அந்த வழியைப் பலருக்குப் பழக்கியது. உதை அங்கேயும் இருக்கிறது, ஆனால் ஒரே குத்தாக வராமல் சற்று நீண்டு, தள்ளலாக வருகிறது.

நான்காவது கண். இதைப் பலர் நினைப்பதே இல்லை. விரல் பூட்டிக்கொள்வதற்குக் கண் காரணமாக இருப்பது உண்டு. வயது ஏற ஏற, ஆளும் கண் எது என்பதில் குழப்பம் வரலாம். புரை தொடங்கலாம். தட்டும் குழலும் எங்கே சேர்கின்றன என்று மூளைக்குச் சந்தேகம் வந்தால், சுடு என்ற உத்தரவு பாதி வழியில் நின்றுவிடும். தட்டைப் பார்ப்பதை விட்டுக் குழல்முனை மணியைச் சரிபார்க்கும் பழக்கமும் இதே வேலையைச் செய்யும். கண் மருத்துவரைப் பாருங்கள். இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது எந்தக் கண் ஆள்கிறது என்று சோதியுங்கள். தேவைப்பட்டால் குழலோடு சேராத கண்ணின் கண்ணாடியில் மங்கல் ஒட்டுத்தாள் ஒரு சிறு துண்டு ஒட்டிப் பாருங்கள். எத்தனையோ டாலர் செலவழித்துக் குழலைச் சீவியவர்களுக்கு இந்த ஒட்டுத்தாள் போதுமானதாக இருந்திருக்கலாம்.

ஐந்தாவது ஓய்வு. மிரட்சியோடு சுடுகிற ஒவ்வொரு தோட்டாவும் மிரட்சிக்கே பயிற்சி கொடுக்கிறது. ‘இன்னும் நூறு சுட்டால் சரியாகிவிடும்’ என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். சில வாரம் நிறுத்துங்கள். வீட்டில், தோட்டாக்கள் வேறொரு அறையில் இருக்க, துப்பாக்கி காலியென்று இரண்டு முறை பார்த்துவிட்டு, போலித் தோட்டா போட்டு, சுவரின் மூலையைத் தட்டின் பாதையாக வைத்துக் குழலை நகர்த்தி விசையை அழுத்திப் பழகுங்கள். சத்தமும் உதையும் இல்லாமல் விரல் தன் வேலையைச் செய்யலாம் என்று உடலுக்கு மறுபடி சொல்லிக்கொடுக்க வேண்டும்.

உங்களிடம் இருப்பது எந்த வகை என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. பயிற்சி நாளில், ஸ்குவாடிடம் சொல்லிவிட்டு, நம்பிக்கையான தோழர் ஒருவரைத் தோட்டா போடச் சொல்லுங்கள். எப்போது உண்மைத் தோட்டா, எப்போது போலி என்பது உங்களுக்குத் தெரியக் கூடாது. இன்னொருவர் செல்போனில் பக்கவாட்டிலிருந்து படம் எடுக்கட்டும். போலியில் ‘டிக்’ என்ற சத்தத்தோடு குழல்முனை தாழ்ந்தால் உடல் உதையை எதிர்பார்க்கிறது. விரலே அழுத்தவில்லை என்றால் அது வேறு. ‘டிக்’ கேட்டதும் துப்பாக்கியைத் திறந்துவிடாமல், முனையைத் திடலுக்கே காட்டியபடி சற்றுப் பொறுங்கள். தோட்டா போட்டவர் தவறியிருக்கலாம், உண்மைத் தோட்டா தாமதமாகவும் வெடிக்கலாம்.

இத்தனையும் செய்தும் விரல் பூட்டு அவிழவில்லை என்றால், ரிலீஸ் டிரிகர் இருக்கிறது. விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டு தட்டைக் கேட்க வேண்டும். விரலை விட்டால்தான் வெடிக்கும். அழுத்த மறுக்கும் விரலுக்கு விடுவது வேறு வேலை. பழைய பூட்டு இந்தக் கதவுக்குப் பொருந்தாது, ஆகவே பலருக்கு விடுதலை கிடைக்கிறது. இரட்டைத் தட்டுக்கு முதல் வெடி விடுவதாகவும் இரண்டாவது அழுத்துவதாகவும் அமைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. பெரட்சி போன்ற சில துப்பாக்கிகளில் விசைத்தொகுதியையே கழற்றி மாட்டலாம், எஃகைத் தொட வேண்டியதில்லை.

ஆனால் கவனியுங்கள், உலகமே கற்ற பாடத்துக்கு நேர் எதிரான துப்பாக்கி இது. விரலை எடுத்தால் ஆபத்தில்லை என்று நமக்குச் சின்ன வயதிலிருந்து சொல்லியிருக்கிறார்கள். இதில் விரலை எடுத்தால்தான் வெடிக்கும். அழுத்திப் பிடித்த பின் சுட வேண்டாம் என்று தோன்றினால், விரலை விடாமலே துப்பாக்கியைத் திறந்து, அதற்குப் பிறகே விரலை எடுப்பது மடக்குத் துப்பாக்கிகளில் வழக்கம். உங்கள் துப்பாக்கிக்கு எது சரி என்பதைப் பொருத்துகிறவரே நேரில் காட்டித்தர வேண்டும். காலித் துப்பாக்கியில் சில நூறு முறை பழகாமல் தோட்டா போடாதீர்கள். எச்சரிக்கை ஸ்டிக்கரைக் கட்டையில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டுங்கள். ஒரு தட்டுக்குக்கூட யாரிடமும் இரவல் கொடுக்காதீர்கள். வீட்டில் இருப்பவர்களுக்கும் தெரிந்திருக்கட்டும். நாளை நாம் இல்லாதபோது அந்தத் துப்பாக்கியைக் கையில் எடுப்பவர் அவர்கள்தான். இது நிரந்தர மருந்து என்றும் எண்ணாதீர்கள். அடிக்காரணமான சத்தமும் உதையும் கண்ணும் அப்படியே இருந்தால், சில ஆண்டுகளில் ரிலீஸிலும் மிரட்சி வந்து சேர்ந்தவர்கள் உண்டு.

கிராண்ட் அமெரிக்கன் போட்டிக்குப் போயிருக்கிறீர்களா? 1924 முதல் 2005 வரை எங்கள் ஒஹாயோவின் வாண்டேலியாவில் நடந்தது. 2006 முதல் இல்லினாய் மாநிலத்தின் ஸ்பார்ட்டாவில் நடக்கிறது. 120 டிராப் திடல்கள் மூன்றரை மைல் நீளத்துக்கு ஒரே வரிசையில். அந்த வரிசையோரம் நடந்து போனால் கட்டைகளில் அந்தச் சின்ன ஸ்டிக்கர்களைப் பார்க்கலாம். நரைத்த தலைகள், தொப்பி நிறையப் பதக்கங்கள், கட்டையில் ஸ்டிக்கர். அதை நான் எச்சரிக்கையாக மட்டும் பார்ப்பதில்லை. ‘என் விரல் ஒருநாள் நின்றது, நான் நிற்கவில்லை’ என்று ஊரறிய ஒட்டிக்கொண்ட சாட்சி அது. அவர்களில் யாரிடமாவது போய்க் கேளுங்கள். ஒளிக்காமல் சொல்வார்கள்.

பெற்றோர்களே, உங்களிடம் தனியாக ஒரு வார்த்தை. 2001-இல் மினசோட்டாவில் தொடங்கிய உயர்நிலைப் பள்ளி கிளே டார்கெட் லீக் மாநிலம் மாநிலமாகப் பரவியதில், நம் பிள்ளைகளும் திடலுக்கு வருகிறார்கள். மகிழ்ச்சி. ஆனால் ‘சின்னப் பிள்ளைக்குச் சின்னத் துப்பாக்கி’ என்று எடை குறைந்த 20 போரை வாங்கிக் கொடுத்துவிடுகிறோம். கணக்குப் போடுங்கள். 2.7 கிலோ துப்பாக்கியில் 25 கிராம் தோட்டா, உதை சுமார் 20 ஜூல். பெரியவர் தன் 3.9 கிலோ துப்பாக்கியில் 32 கிராம் போட்டு வாங்கும் உதைக்கு ஏறக்குறைய சமம். அதை 40 கிலோ எடையுள்ள பிள்ளை வாங்குகிறது. கட்டையை வெட்டிக் குறைத்த, வாயுவால் இயங்கும் 12 போரில் 24 கிராம் மென்தோட்டா போட்டுக் கொடுப்பது பிள்ளைக்குச் செய்யும் பெரிய உதவி. முதல் நாளில் 25 தட்டு போதும். தோளைத் தடவினால் நிறுத்துங்கள். ‘இதுக்கெல்லாம் அழுவாங்களா’ என்று மட்டும் சொல்லாதீர்கள். பன்னிரண்டு வயதில் பழகிய மிரட்சி நாற்பது வயதிலும் கூட வரும்.

ஊரில் பழகும் தம்பி தங்கைகளே, புதுக்கோட்டையின் பிருத்விராஜ் தொண்டைமான், கைனன் செனாயோடும் சோராவர் சிங் சந்துவோடும் சேர்ந்து 2023-இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டில் டிராப் அணித் தங்கம் வென்றதையும், 2024-இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் நின்றதையும் பார்த்துத்தான் உங்களில் பலர் வந்திருப்பீர்கள். உங்கள் பாதையில் ரிலீஸ் டிரிகர் கிடையாது. சர்வதேசத் துப்பாக்கி சுடும் சம்மேளனம் அதைத் தடை செய்திருக்கிறது. தகுதிச் சுற்றில் 125 தட்டு, தட்டுக்கு இரண்டு தோட்டா வரை. பின்னால் எடுக்க மருந்து இல்லாததால் தொடக்கத்திலிருந்தே காப்பு உங்களுக்கு இரண்டு மடங்கு தேவை. காதுக்கு இரட்டைப் பாதுகாப்பு, உங்கள் உடலுக்கென்று அளந்த கட்டை, களைப்பில் நிறுத்தும் துணிவு. உங்கள் பயிற்சியாளரிடம் ‘சார், விரல் நின்னுச்சு’ என்று முதல் முறையே சொல்லிவிடுங்கள். பத்தாவது முறை சொல்வதைவிட அது எளிது.

கடைசியாக, என்னைப் போல் தலை நரைத்தவர்களுக்கு. நாம்தான் முதலில் வாய் திறக்க வேண்டும். புதிதாக வந்தவர் தன் மிரட்சியைச் சொல்லத் தயங்குவது, நமக்கு அப்படி ஒன்று வந்ததே இல்லை என்று அவர் நம்புவதால்தான். அந்த நம்பிக்கையை நம் மௌனம் வளர்க்கிறது. அடுத்த முறை உங்கள் ஸ்குவாடில் ஒருவருடைய குழல்முனை குனிந்து, தட்டு முழுசாகப் போய்ப் புல்லில் விழுந்தால், சுற்று முடிந்ததும் அவர் பக்கத்தில் போய் நில்லுங்கள். அறிவுரை வேண்டாம், பட்டறை முகவரி வேண்டாம். ‘எனக்கும் வந்திருக்கு’ என்று சொல்லுங்கள். அது போதும், மீதியை அவர் கேட்பார்.

மிரண்ட மாட்டை ஊரில் எப்படிப் பாலம் கடக்க வைப்பார்கள் என்று பார்த்திருக்கிறேன். வண்டிக்காரர் கீழே இறங்குவார். சாட்டையை வண்டியிலேயே வைத்துவிட்டு, மூக்கணாங்கயிற்றைத் தளரப் பிடித்து, மாட்டின் கழுத்தில் கை வைத்துக் கூடவே நடப்பார். நான்காம் நிலையிலிருந்து மூன்றாம் நிலைக்கு மூன்று கெஜ தூரம்தான். அன்று நான் அதை நடக்கவில்லை. நீங்கள் நடங்கள்.

மதுரைத் தம்பிக்கு இந்த மடலின் முதல் பிரதியை அனுப்பியிருக்கிறேன். என்னிடம் 24 கிராம் தோட்டாப் பெட்டி ஒன்றும், காதுமூடி இன்னொன்றும், அவர் அளவுக்குச் சரியாகும் கோம்ப் வைத்த துப்பாக்கியும் இருக்கின்றன. வருகிற சனிக்கிழமை காலையில் திடலில் இருப்பேன் என்று எழுதியிருக்கிறேன்.

அன்புடன்,
ஒஹாயோவிலிருந்து உங்கள் தோழன்